நிற்கட்டும் என்று ஒரு பெயர்

முட்டை ஓட்டில் நகமளவு ஜன்னல் வெட்டும்போதும் பெர்மெத் அக்காவின் வாய் ஓயாது. உள்ளே துடிக்கும் கருவிடம், "ஏண்டா, இன்னும் தூக்கமா? காலைக் காட்டு" என்பார். பிஷ்கெக்கில் எங்கள் ஆய்வகத்தில் அவரோடு ஒரே மேசையில் ஒரு குளிர்காலம் தாங்கியவர் யாருமில்லை. நுண்ணோக்கியின்மேல் தேநீர்க் கோப்பையை வைப்பார். எண்ணெய்க் கையோடு எல்லாக் கதவையும் திறப்பார்.

வேலையில் மட்டும் குறை சொல்ல முடியாது. கோழிக்கருவின் விரல்களுக்கு நடுவே முதலில் ஜவ்வு இருக்கும். ஒரு புரதம் 'சாகுங்கள்' என்று உத்தரவிட, அங்குள்ள செல்கள் தாமாகவே மடியும், விரல்கள் பிரியும். இன்னொரு புரதம் அந்த உத்தரவைத் தடுக்கும். வாத்தின் காலில் ஜவ்வு நிலைப்பது அதனால்தான்.

புரதக் குப்பிகளுக்கு எண் போடச் சொன்னால், "நம்பர் போட இதென்ன ஜெயிலா?" என்பார். சாவைத் தடுக்கும் புரதத்துக்கு அவர் வைத்த பெயர் தொக்தோசுன். கிர்கிஸ் மொழியில் 'நிற்கட்டும்' என்று பொருள். பிள்ளைகள் அடுத்தடுத்துத் தவறிய வீட்டில், அதன்பின் பிறப்பவனுக்கு வைக்கிற பெயர்.

எங்கள் ஆராய்ச்சி மாணவர் ஒருவரின் பெயரும் தொக்தோசுன். குளிர்பெட்டியில் தன் பெயரைப் பார்த்தவர், தன்னுடைய உப்புநீர்தான் என்று நம்பி, அதில் நனைத்த, மருந்தை மெல்லக் கசியவிடும் கடுகளவு மணிகளைத் தன் முட்டைகளுக்குள் வைத்துவிட்டார். எதுவும் செய்யாத சாதாரணக் கால்கள் என்று தேர்வுக் குழுவுக்குக் காட்ட வேண்டிய முட்டைகள் அவை. இன்று திறந்தால் அத்தனையும் வாத்துக் கால். குழு நாளை வருகிறது.

"என் பட்டத்தையே முழுங்கிட்டீங்களே அக்கா!"

"உன் பேரு நான் வெச்சதா? போய் உங்கம்மாகிட்ட சண்டை போடு."

"நம்பர் போடுங்கன்னு எத்தனை தடவை கெஞ்சினோம்!"

"பேரு பலிச்சிருக்கு பாரு. ஒரு செல்லுகூடச் சாகல."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத்தான் தோன்றியது. தொக்தோசுன் சுவரோரம் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார்.

அக்கா அடைகாப்பியைத் திறந்து தன் முட்டைத் தட்டை வெளியே இழுத்தார். அதே நாளில் வைத்த முட்டைகள். வெறும் உப்புநீர் மட்டுமே பட்டவை. ஒப்பிட இவை இல்லாவிட்டால் அக்காவின் குளிர்கால உழைப்பு முழுக்க வீண்.

ஓட்டின்மேல் பென்சிலில் எழுதியிருந்த தன் பெயரை, எச்சில் தொட்ட கட்டைவிரலால் ஒவ்வொரு முட்டையிலும் தேய்த்து அழித்தார். அந்த ஈரத்தின் மேலேயே எழுதினார்: தொக்தோசுன்.