இடது கைக்கு வந்த மெய்யெழுத்துகள்

புதுக் கணினி ஒன்றில் லினக்ஸ் ஏற்றும்போது நடுவில் ஒரு திரை வரும். உங்கள் விசைப்பலகை எது என்று கேட்டு, நீளமாக ஒரு பட்டியலைக் காட்டும். மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு எதையோ அழுத்திவிட்டு அடுத்த திரைக்குப் போய்விடுவார்கள். எனக்கு மட்டும் அந்த இடத்தில் கை நின்றுவிடும். எங்கள் கந்தோர்த் தட்டச்சு அக்கா ஒன்றரை மாத லீவுக்குப் பிறகு திரும்பி வந்த அந்தச் செவ்வாய்க்கிழமை காலை கண்முன்னே வந்து நிற்கும்.

கந்தோர் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். கண்டி டவுனில் ஒரு புடைவைக் கடைக்கு மேலே இரண்டு அறைகள், அவ்வளவுதான். தேயிலைத் தோட்டத்து ஆட்களின் முறைப்பாடுகளைக் கேட்டு, தமிழில் மனுவாக அடித்து, உரிய இடங்களுக்கு அனுப்புகிற சின்னச் சட்ட உதவி நிலையம். பொறுப்பாக இருந்த சேர், அக்கா, நான் என்று மூன்றே பேர். சேர் யாழ்ப்பாணத்துக்காரர், அக்கா கலஹாவிலிருந்து பஸ் ஏறி வருபவர், நான் கெலிஓயா. எழுத்து வேலை பார்க்கும் லிகிதர் என்பது என் பதவிப் பெயர். ஆனால் பிரின்டர் மக்கர் பண்ணினாலும் நான்தான், பல்ப் எரியாவிட்டாலும் நான்தான். லைசென்ஸ் வாங்க வசதியில்லாத கந்தோருக்கு இலவச லினக்ஸ் போட்டுக்கொடுத்தவனும் நானே. அந்தப் பெருமையில் அப்போது எனக்குத் தரையில் கால் பாவாது.

அக்கா மனு அடிப்பதைப் பார்க்க வேண்டும். முறைப்பாடு சொல்ல வந்தவர் எதிரே உட்கார்ந்து அழுவார், கோபப்படுவார், கதையை நடுவிலிருந்து தொடங்குவார். அக்கா அவருடைய முகத்தையே பார்த்து, "ம், சொல்லுங்க, பெறகு?" என்று கேட்டுக்கொண்டிருப்பார். விரல்கள் தம் பாட்டில் ஓடிக்கொண்டிருக்கும். வந்தவர் கண்ணைத் துடைத்து முடிப்பதற்குள் மனு தயாராகியிருக்கும். தன் முகத்தைப் பார்த்து ஒருவர் கேட்கிறார் என்பதற்காகவே ஹந்தானையிலிருந்து நடந்து வந்தவர்களை எனக்குத் தெரியும்.

ஒரு மழை நாளில் அக்கா பஸ் படியில் கால் வழுக்கி, வலது முழங்கையில் விழுந்துவிட்டார். எலும்பு நல்லபடியாக ஒட்டிக்கொண்டது. விரல்கள் மட்டும் சொன்னதைக் கேட்கவில்லை. நரம்பில் அடி, குணமாகலாம், ஆகாமலும் போகலாம் என்று டொக்டர் சொன்னாராம். அக்கா அதைச் சிரித்துக்கொண்டேதான் எங்களிடம் சொன்னார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் கதிரையில் உட்கார்ந்து, வலது கையை மடியில் வைத்துவிட்டு, இடது கையை விசைப்பலகையில் அதற்குரிய இடத்தில் வைத்தார். எங்கள் கணினியில் இருந்தது தமிழ்99 என்கிற அமைப்பு. அதில் உயிரெழுத்தெல்லாம் இடது பக்கம், மெய்யெழுத்தெல்லாம் வலது பக்கம். வழிதவறி வந்ததுபோல ஒரு 'வ'வும் ஒரு 'ங'வும் மட்டும் இடது பக்கம் கிடக்கும். அக்கா கொஞ்ச நேரம் யோசித்து இரண்டு விசைகளைத் தட்டினார். திரையில் 'வா' என்று விழுந்தது.

"பாத்தியா தம்பி, கூப்பிடத்தான் முடியுது. வந்தவங்ககிட்ட ஒரு வார்த்தை பேச முடியல" என்றார்.

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். பிறகு இருவருமே சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டோம்.

இடது கையையே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடவிட்டுப் பார்த்தார். ஒரு மனுவுக்கு அரை நாள் போனது. தோள் வேறு கல்லாக இறுகிவிட்டது. வாசலில் கிடந்த வாங்கில் காத்திருக்கும் ஆட்கள் சேர்ந்துகொண்டே போனார்கள். சேர் கெட்டவர் இல்லை. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு வந்தார். "மூண்டு கிழமை பாப்பம் மிஸ். பிறகு நான் வேற ஆளைத்தான் பாக்க வேணும். சனம் காத்துக்கொண்டு நிக்குதெல்லோ?"

சேர் போன பிறகு அக்கா என்னிடம் சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது. "எங்க தோட்டத்து லயத்துல பேனையும் கதிரையும் தேடி வந்த மொத ஆளு நான். இதை விட்டா எனக்குத் திரும்பிப் போக மலைதான் இருக்கு. கொழுந்து எடுக்கிறதுக்கும் ரெண்டு கை வேணுமே தம்பி."

அன்றைக்கே வேலையில் இறங்கினேன். லினக்ஸில் விசைப்பலகை என்பது கடைசியில் ஒரு சாதாரண எழுத்துக் கோப்புத்தான். யாரும் திறந்து திருத்தலாம். ஒவ்வொரு விசைக்கும் ஒரு வரி, வரிக்கு நான்கு அறைகள். சும்மா அழுத்தினால் வருவது முதல் அறை, ஷிஃப்ட்டோடு அழுத்தினால் வருவது இரண்டாவது. மூன்றாவது அறை பெரும்பாலும் காலியாகத்தான் கிடக்கும். இடது பக்க விசைகளின் அந்தக் காலி அறைகளில் மெய்யெழுத்துகளைக் குடிவைத்து, அழுத்திப் பிடித்தால் அவற்றைத் திறக்கும் கதவாக ஏதாவதொரு விசையை வைத்துவிட்டால் இடது கை ஒன்றே போதும் என்று கணக்குப் போட்டேன். க, ங, ச, ஞ என்று அரிச்சுவடி வரிசையிலேயே அழகாக அடுக்கி, மார்பை நிமிர்த்திக்கொண்டு கொண்டுபோய்க் காட்டினேன். அக்கா பத்து நிமிடம் தடுமாறிவிட்டுக் கையை எடுத்துவிட்டார்.

"அந்த வரிசை வாய்க்குத் தம்பி. விரலுக்கு வேற வரிசை இருக்கு" என்றார்.

விடை அவர் மடியிலேயே இருந்தது. வைத்தியசாலையில் அவருக்கு ஒரு பயிற்சி சொல்லியிருந்தார்கள். இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துவைத்து, இடது கை விரல்களால் வலது கை விரல்களைத் தள்ள வேண்டும். சுட்டுவிரலுக்குச் சுட்டுவிரல், சின்னவிரலுக்குச் சின்னவிரல். தேநீர் வேளையில் அவர் அதைச் செய்துகொண்டிருந்ததைப் பார்த்ததும் எனக்குப் பொறிதட்டியது. பிளேன்டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். வலது சுட்டுவிரலின் எழுத்து இடது சுட்டுவிரலுக்கு, வலது நடுவிரலுடையது இடது நடுவிரலுக்கு என்று கண்ணாடியில் தெரிவதுபோல மாற்றி எழுதினேன். பின்னேரமே அக்கா முழுசாக ஒரு வரி அடித்துவிட்டார்!

அதோடு வேலை முடிந்தது என்று நான் நினைத்தேன். அக்கா விடவில்லை. கதவுக்கு நான் வைத்த கெப்ஸ் லொக் சின்னவிரலை உடைக்கிறது என்றார். பழகப் பழகச் சரியாகும் என்று நான் மேதாவித்தனமாகச் சொன்னேன். "அப்பிடியா? வலது கையைப் பொக்கட்டுல போட்டுக்கிட்டு நீயே ஒரு மனு அடி. அப்பத் தெரியும் சேதி."

போட்டுக்கொண்டு அடித்தேன். நாலாவது வரியில் சின்னவிரல் விறைத்து, 'ஐயோ' என்று கத்தினேன். அக்கா மேசையைத் தட்டிச் சிரித்தார். கதவு பெருவிரலுக்குக் கீழே இருக்கும் ஆல்ட் விசைக்கு இறங்கி வந்தது. அதன் பிறகு எந்தத் திருத்தமானாலும் முதலில் என் வலது கை பொக்கட்டுக்குள் போக வேண்டும் என்பது சட்டமாகிவிட்டது. இடமில்லாமல் மேலே எண் வரிசையில் நான் ஏற்றிவைத்திருந்த 'ச'வும் 'ய'வும் கீழ் வரிசைக்கு வந்தன. இப்படியே சேர் தந்த மூன்று வாரத் தவணையும் போனது. முகத்தைப் பார்த்துக்கொண்டு அடிக்கும் நிலைக்கு அக்கா வந்துவிட்டார்.

நாளைக்குப் பத்து மணிக்குப் பார்க்கிறேன் என்று சேர் சொல்லிவிட்டார். நான் சும்மா இருந்திருக்கலாம். விசேஷத்துக்கு முந்தி வீட்டுக்கு வெள்ளையடிப்பதுபோல, முந்தின நாள் பின்னேரம் கணினி முழுவதையும் அப்டேட் செய்துவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் அக்கா ஆல்ட்டைப் பிடித்து ஒரு விசையைத் தட்டினால் 'க' வரவில்லை. ஏதோ மெனு திறந்தது. நம்முடைய அமைப்பைத் தனிக் கோப்பாக வைத்திருக்க வேண்டும். நான் சோம்பேறித்தனத்தில் கணினியின் சொந்தக் கோப்புக்குள்ளேயே எழுதியிருந்தேன். அப்டேட் வந்தது, பழைய கோப்பைத் தூக்கிவிட்டுப் புதியதை வைத்தது. பிழை முழுக்க என்னுடையது. பிரதி ஒன்றாவது எடுத்துவைத்திருந்தேனா? அதுவும் இல்லை. இன்றைக்கு அந்தக் கோப்பு என்னிடம் ஏழு இடத்தில் இருக்கிறது. அன்றைக்கு ஓரிடத்திலும் இல்லை.

மணி ஒன்பதேகால். "அக்கா, எல்லாம் போச்சு" என்றேன். அக்கா ஒரு நிமிடம் கண்ணை மூடினார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

"என் கையை விட ஒன் கைதான் தம்பி மோசமா நடுங்குது! உக்காரு. எழுதிக்க."

"எந்த எழுத்து எங்க இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்காக்கா?"

"என்னைக் கேட்டா தெரியாது. விரலைக் கேளு."

பக்கத்துக் கணினியின் விசைப்பலகையைக் கழற்றி அவர் முன்னே வைத்தேன். எதிலும் இணைக்காத அந்த விசைப்பலகையில், கண்ணை மூடிக்கொண்டு, தினமும் அடிக்கிற சொற்களை அடித்தார். கங்காணி. கொழுந்து. தொழிலாளர். ஞாயிற்றுக்கிழமை. ஒவ்வொன்றையும் வாயால் சொல்லிக்கொண்டே மெதுவாக அடிக்க, விரல் விழுந்த இடத்தைப் பார்த்துப் பார்த்து நான் வரி வரியாக எழுதினேன். இந்த முறை தனிக் கோப்பில்! ஓரிடத்தில் விரலை நிறுத்தி, "இந்த 'ழ' எப்பவும் எனக்கு எட்டாது. மாத்துறதுன்னா இப்பவே மாத்திரு" என்று ஒரு திருத்தம் வேறு. அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பத்துக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது திரையில் 'க' விழுந்தது.

பத்தானதும் சேர் வந்தார். "எங்க, ஏதும் அடியுங்கோ பாப்பம்" என்றபடி கையிலிருந்த ஃபைலைத் திறந்து, மேலே கிடந்த தாளை எடுத்து அக்காவிடம் நீட்டினார். நீட்டிய பிறகுதான் அது என்ன தாள் என்று கவனித்தார். முகம் கறுத்துவிட்டது. பத்திரிகைக்கு அனுப்ப அவர் கையால் எழுதிவைத்திருந்த விளம்பரம் அது. 'தட்டச்சாளர் தேவை. தமிழில் விரைவாகவும் பிழையின்றியும் தட்டச்சு செய்யக்கூடியவர்கள் விண்ணப்பிக்கலாம்.'

"அது வேண்டாம் மிஸ். வேற ஒண்டு தாறன்."

"இருக்கட்டும் சேர். இதுவும் தமிழ்தானே" என்றார் அக்கா.

சேர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சுவர்க் கலண்டரைப் பார்த்தார். அக்கா தாளை இடது பக்கம் வைத்துவிட்டு அடிக்கத் தொடங்கினார். சின்ன விளம்பரம்தான், ஆனால் அடித்து முடிந்திருக்க வேண்டிய நேரம் தாண்டியும் விரல்கள் ஓடிக்கொண்டே இருந்தன. சேர் என்னைப் பார்த்தார். எனக்கும் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு பிரின்டர் முனகியது. ஒரு பக்கம் வந்தது. அதன் பின்னால் இன்னொரு பக்கமும் வந்தது.

முதல் பக்கம் விளம்பரம், ஒரு புள்ளி பிசகாமல். இரண்டாவது பக்கத்தை சேர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாசித்தார். 'மேற்படி விளம்பரம் கண்டேன். அப்பதவிக்கு விண்ணப்பிக்கிறேன். தகைமை: இத்துடன் உள்ள விளம்பரத்தைத் தட்டச்சு செய்தவர் நானே.' கீழே அக்காவின் பெயர்.

சேர் அந்தத் தாளை இரண்டு தடவை வாசித்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நாங்கள் கண்டதில்லை. "விண்ணப்பம் கிடைச்சுது. அப்ப நேர்முகப் பரீட்சையை எப்ப வைப்பம் மிஸ்?"

"அது இப்பத்தானே சேர் முடிஞ்சது" என்று சொல்லிவிட்டு, வாங்கில் முதலாவதாக உட்கார்ந்திருந்தவரை அக்கா உள்ளே கூப்பிட்டார்.