சந்தனம் பூசிய மூடி

தொழிலிடங்களில் இயந்திரங்கள் பாதுகாப்பாக இருக்கின்றனவா என்று பார்ப்பது என் வேலை. படுவான்கரையில் உள்ள அந்த நெல் ஆலைக்கு நான் போனது ஆயுத பூசைக்கு மறுநாள். ஓடும் பெல்ட்டை மறைக்கும் இரும்பு மூடியைக் கழற்றி, கழுவி, சந்தனமும் குங்குமமும் வைத்து, சுவரோரம் மற்றக் கருவிகளோடு சாய்த்திருந்தார்கள்.

“மறுகா ஆறுதலாப் பூட்டுவம், புள்ள,” என்றார் முதலாளி.

என் பட்டியலில் இருபத்தொரு கேள்விகள். ஒன்பதாவது: பெல்ட் மூடி உண்டா? உண்டு. சரி போட்டேன். சர்க்கரைப் பொங்கல் தந்தார்கள். சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

ஒரு மாதம் கழித்து, அங்கே தவிடு அள்ளும் ஓர் அக்காவின் வலது கையை அந்த பெல்ட் இழுத்தது. மூன்று விரல்கள் போய்விட்டன. விசாரிக்க என்னையே அனுப்பினார்கள்.

ஆலை ஓடிக்கொண்டிருந்தது. மூடி அதே சுவரில் இருந்தது. குங்குமத்தின் மேல் தவிட்டுத் தூசி. படம் எடுத்தேன். முதலாளி மேசை லாச்சியிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். என் பட்டியல். என் கையெழுத்து.

“மூடி இருக்கு எண்டு நீங்கதானே சரி போட்டிருக்கீங்க? அவள் கவனமில்லாமக் கைய விட்டா நாங்க என்ன செய்யிற?”

தாளை வாங்கிப் பார்த்தேன். நான் போட்ட சரி நேராக, அழகாக இருந்தது.

அங்கிருந்து அக்காவின் வீட்டுக்குப் போனேன். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்திருந்தார்.

“இருங்க புள்ள. ஒத்தக் கையால ஊத்தினா அரைக் கோப்பைதான் தேத்தண்ணி வரும்,” என்று சிரித்தார். பிறகு, “முதலாளி சொல்றதும் சரிதான். நான்தான் பராக்குப் பாத்திருப்பன்.”

அறிக்கைத் தாளை எடுத்தேன். ‘மூடி சுவரில் இருந்தது, இயந்திரத்தில் இல்லை. அதைப் பார்த்தும் நான் சரி போட்டேன்’ என்று எழுதி அவருக்கு வாசித்தேன்.

கட்டுப் போட்ட கையைப் பார்த்தார்.

“அப்ப என்ட பிழை இல்லையா?”

“இல்ல அக்கா.”

“என்ட இடத்துல இப்ப என்ட தங்கச்சி நிக்கிறாள். மூடியப் பூட்டிட்டாங்களா?”

நான் படம் மட்டும்தான் எடுத்திருந்தேன்.

ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு ஆலைக்குப் போனபோது, தங்கச்சி பெல்ட்டுக்குப் பக்கத்தில் குனிந்து தவிடு அள்ளிக்கொண்டிருந்தாள். நேரே போய் மெயின் சுவிட்சை இழுத்தேன்.

“என்ன புள்ள இது?” என்றார் முதலாளி.

“மூடியப் பூட்டுங்க.”

நாலாவது நட் இறுகும்வரை சுவிட்சிலிருந்து கையை எடுக்கவில்லை.