மணி அடிக்காத சண்டை

தேவராஜ் செத்துப்போனதைக் கள்ளிக்குப்பம் பஸ் ஸ்டாப் சுவரில் ஒட்டியிருந்த போஸ்டர்தான் எனக்குச் சொன்னது. 'தோல்வியே காணாத குத்துவரிசை ஆசான்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். செத்தவனைப் பற்றி நல்லதைத்தான் சொல்ல வேண்டுமாம். அவனைத் தோற்கடித்தவன் நான். எனக்கு அது தொண்டையில் இறங்கவில்லை.

இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் இருவருக்கும் ஒரே கம்பெனி. அவன் லேத், நான் வெல்டிங். நான் கம்பெனிக்காக பாக்சிங் ஆடினேன். அவன் சாயங்காலங்களில் குத்துவரிசை சொல்லிக்கொடுத்தான். கேன்டீனில் எங்களோடு டீ குடித்த உங்களுக்கெல்லாம் அந்த வம்பு நினைவிருக்கும். "கைக்கு உறைய மாட்டிகினு, மணி அடிச்சா நிறுத்துறதெல்லாம் ஒரு சண்டையா மச்சான்? என் அடி தொண்டைக்கும் கண்ணுக்கும் போறது. அத்த உன் ரூலு ஒத்துக்குமா?" என்பான்.

ஓர் ஆயுத பூஜை அன்று, குடும்பங்களெல்லாம் வந்திருந்தபோது, ஷெட்டுக்கு வெளியே கயிறு கட்டி ரிங் அமைத்து எங்கள் இருவரையும் இறக்கிவிட்டார்கள். கிளவுஸ் மாட்டிய கையை எங்கே வைப்பதென்றே அவனுக்குத் தெரியவில்லை. இரண்டாவது ரவுண்டில் மூக்கு உடைந்து, பெண்டாட்டி கண்ணெதிரிலேயே உட்கார்ந்துவிட்டான். ஜனம் சிரித்தது. அப்புறம் அவனிடம் கற்றுக்கொள்ள வந்தவர்களில் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள்.

"ரோட்ல வரட்டும், அப்ப தெரியும்" என்று அதற்குப் பிறகு ஒரு நிஜச் சண்டைக்காகவே காத்துக்கிடந்தான்.

வந்தது. ஷிப்ட் முடிந்து இருவரும் சைக்கிளில் வரும்போது, மண்ணூர்பேட்டையில் குடித்திருந்த மூன்று பேர் வழிமறித்தார்கள். தேவராஜ் முகத்தில் கல்யாணக்களை. "இப்ப பாரு மச்சான். இதுக்கு மணி கெடையாது" என்றான். சொன்னவன், பழக்க தோஷம், குத்துவரிசை தொடங்குமுன் வைக்கும் வணக்கமாக மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளக் குனிந்தான். குனிந்த முகத்தில் ஒருவன் பூட்ஸ் காலால் உதைத்தான்.

நான் பாய்ந்து இன்னொருவன் நெற்றியில் ஒரு குத்து விட்டேன். கிளவுஸோடு குத்திப் பழகிய வெறுங்கை. அவன் நெற்றிக்கு ஒன்றும் ஆகவில்லை, என் விரல் முட்டி நொறுங்கியது. பிறகு எங்கள் இருவரையும் சாவகாசமாக மிதித்தார்கள்.

ஆஸ்பத்திரியில் அடுத்தடுத்த கட்டில். அவனுக்கு இடது கண் போயிருந்தது. அதோடு லேத் வேலையும் போகப்போகிறது என்று இருவருக்கும் தெரியும். என் கையில் போட்டிருந்த கட்டைப் பார்த்து, "உன் பாக்சிங் இன்னா ஆச்சு?" என்றான்.

"உன் வணக்கத்த வாங்கிகினு பூட்டானுங்க" என்றேன்.

சிரித்துச் சிரித்துத் தையல் பிரிந்து நர்ஸிடம் திட்டு வாங்கினான். ரிங்கில் தோற்றதற்குக் கிளவுஸும் ரூலும்தான் காரணம் என்று அவன் சொன்ன சாக்கு நியாயமானதுதான். ரோட்டில் அவனுக்கும் சாக்கு இல்லை, எனக்கும் இல்லை.

போஸ்டரில் இருப்பது பழைய படம். இரண்டு கண்ணும் இருக்கின்றன. அந்தப் படத்தில் இருக்கிறவன் தோற்றதில்லை, சரி. அவனை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். கையை மடக்கினால் உள்ளே அமுங்கிக் கிடக்கும் ஒரு முட்டியும், அதைப் பார்த்துச் சிரித்த அந்த ஒற்றைக்கண்ணனும் எனக்குப் போதும்.