நானா முடித்த திகதி

என் விசைப்பலகைக்கு அடியில் நான்காக மடித்த ஒரு தாள் இருக்கிறது. தாள் நிறையத் திகதிகள், கடைசி ஒன்றைத் தவிர ஒவ்வொன்றின் பக்கத்திலும் பென்சிலால் போட்ட சரி அடையாளம். கல்முனையில் எங்கள் சிறிய மென்பொருள் அலுவலகத்தில் எனக்கு அடுத்த கதிரையில் இருந்த நானா போட்டவை அவை. சொந்த அண்ணன் இல்லை, அப்படித்தான் அழைப்பேன். சம்மாந்துறையிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார். அறுவடைக் காலத்தில் சட்டையெல்லாம் வைக்கோல் தூசியாக இருக்கும்.

வாடிக்கையாளர் சொல்லும் பிழைகளைப் பதிந்து, திருத்தியதும் முடித்த திகதியை இடுவது எங்கள் வேலை. சேர்ந்த புதிதில் ஒருநாள், பல பதிவுகளை ஒன்றாகத் தெரிவு செய்து ஏதோ மாற்றப்போய், எல்லாவற்றின் முடித்த திகதியையும் அன்றைய திகதியாக்கிவிட்டேன். திரையைப் பார்த்து அழத் தொடங்கினேன். "அழாதீங்க தங்கச்சி. மேலதான் மாறியிருக்கி, பழசு உள்ளுக்குக் கிடக்கு" என்றார் நானா. யார், எப்போது, எதை மாற்றினார் என்று சொல்லும் வரலாறு ஒவ்வொரு பதிவுக்கும் உண்டு. அதைத் திறந்து அவர் பழைய திகதியை வாசிக்க, நான் இந்தத் தாளில் எழுதினேன். அவர் மீட்டு, அடையாளம் போட்டார். பின்னேரம் அஸர் பாங்கு சொல்லும்வரை இருந்தோம். மேலாளரிடம் அவர் இதைப்பற்றி மூச்சுக்கூட விடவில்லை. "இண்டைக்கு எத்தின திகதிய அழிச்சீங்க?" என்று பிறகு பல நாள் பகிடி பண்ணினார்.

போன வருடம் நானா மூன்று நாள் லீவு போட்டார். வயல் வேலை என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை காலை, அவர் முடிக்காத ஒரு பதிவுக்காக வாடிக்கையாளர் என்னை வறுத்தெடுத்தார். அந்தக் கோபத்தைப் போனில் நானாவிடம் கொட்டினேன். "நீங்க வயல்ல நிக்கிற, ஏச்சு மட்டும் எனக்கு!"

"ஓம் தங்கச்சி, பாக்கன்."

குரல் களைத்திருந்தது. ஏன் என்று நான் கேட்கவில்லை. அன்று மாலை மஃரிப் தொழுகைக்குப் பிறகு அவருடைய மௌத்துச் செய்தி வந்தது. மூன்று நாளும் நெஞ்சு வலியோடு ஆஸ்பத்திரியில் இருந்து, அங்கேயே இறந்திருக்கிறார்.

ஒரு வாரம் கழித்து, அவருடைய பதிவுகளை என் பெயருக்கு மாற்றச் சொன்னார்கள். கண்ணீரோடு எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினேன். அதே பிழை. அவர் வருடக்கணக்கில் செய்த வேலை முழுவதும் ஒரே நாளில், என் பெயரில் முடிந்ததாக நின்றது. "பழைய வேலதானே, விடுங்க" என்றார் மேலாளர். என்னால் விட முடியவில்லை. வரலாற்றை ஒவ்வொன்றாகத் திறந்து, அவர் பெயரையும் திகதியையும் திருப்பிப் போட்டேன். இந்த முறை வாசிப்பதும் நான், எழுதுவதும் நான்.

கடைசியாக, நான் ஏசிய அந்தப் பதிவு. முடியாமல் கிடக்கிறது என்றே இருந்தேன். அதை நானா முடித்திருந்தார். வெள்ளிக்கிழமை, நான் போனை வைத்து ஒரு மணித்தியாலத்தில்.

அவருடைய மனைவியிடம் கேட்டேன். "ஓம், வார்ட்டுக்கு லெப்டொப்பக் கொண்டு வரச் சொன்னார். தங்கச்சி பாவம், ஏச்சு வாங்குது எண்டார்."

அந்தத் திகதியையும் இந்தத் தாளின் அடியில் எழுதினேன். பக்கத்தில் சரி அடையாளம் போடக் கை வரவில்லை.