மருதாணிக்குக் கட்டிய பாத்தி

இந்தச் சிங்கப்பூரில் குடை பிடித்துக்கொண்டு செடிக்குத் தண்ணீர் ஊற்றிய மனுஷன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பங்குனி பிறந்தால் என் கை தானாகக் குடத்தைத் தேடும். கடை இருப்பது சிராங்கூன் ரோட்டில். செடி நின்றது மையவாடியில், அங்கே அடக்கமாகியிருக்கும் என் மனைவி கதீஜாவின் தலைமாட்டில். பெண்டுகள் கப்பலேறும் வழக்கமில்லாத ஊரிலிருந்து என்னோடு வந்தவள், வந்த வருஷமே காய்ச்சலில் மௌத்தானாள். கபுறின்மேல் பச்சை நிற்கும் மட்டும் அது இறைவனைத் துதித்துத் தஸ்பீஹ் ஓதிக்கொண்டிருக்கும், உள்ளே கிடப்பவர்களுக்கு வேதனை லேசாகும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதற்காகவே ஊரிலிருந்து மருதாணி விதை வரவழைத்து, முளைக்க வைத்து, அங்கே நட்டேன்.

எங்கள் ஊர் கடலோரத்து வெறும் மணல் பூமி. பங்குனியில் கொல்லையைச் சீர்படுத்துவது கதீஜாவின் வேலை. காய்ந்த கொம்பைக் கழிப்பாள். வேரைச் சுற்றிச் சட்டிபோலக் குழித்துப் பாத்தி கட்டுவாள். ஈரம் காயாமல் தேங்காய் மட்டையைப் பரப்பி மூடுவாள். தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளூச் செய்த தண்ணீரும் வீணாகாமல் செடிக்குத்தான் போகும். அவள் செய்ததை அப்படியே அவள் தலைமாட்டில் நான் செய்தேன்.

கூட வருகிற மைத்துனன் சுல்தான் சிரிப்பான். "என்ன மச்சான், வானம் ஊத்துறது பத்தலையா, நீங்க வேற ஊத்துறீங்க?"

"அது ஊருக்குப் பெய்யுறது. இது நான் அவளுக்கு ஊத்துறது."

அடுத்த குடத்தை அவனே நிரப்பிக் கொண்டுவருவான். அவனுக்கும் கூடப்பிறந்த அக்காள் அல்லவா.

கொஞ்ச நாளில் இலை மஞ்சளித்து உதிர்ந்தது. எங்கள் ஊரில் இலை வாடினால் தாகம் என்று அர்த்தம். இன்னும் ஊற்றினேன். மையவாடியைக் காக்கும், நாங்கள் பாக் என்று கூப்பிடும் மலாய்க்காரப் பெரியவர் ஒருநாள் கையை ஆட்டி, "சுடா லா, தம்பி, போதும்" என்றார். நேரமாகிவிட்டது, கிளம்பு என்கிறார் என்று எண்ணி, "இதோ போறேன் பாக்" என்று மிச்சத் தண்ணீரையும் அவசரமாகக் கவிழ்த்தேன்.

அவர் வந்து குந்தினார். மட்டைகளை விலக்கினார். அடியில் கறுத்த தண்ணீர் தேங்கி நாறியது. செடியைத் தொட்டதும் அழுகிய வேரோடு கையில் வந்துவிட்டது.

"இங்கே தண்ணி போகணும்," என்றார் தமக்குத் தெரிந்த தமிழில். "நீ புடிச்சு வச்சே. மண்ணு மேலே ஏத்து, மேலே."

செடி போனது போகட்டும். இத்தனை நாளும் அவள் தலைமாட்டில் குட்டை கட்டி, அவளை ஈரத்தில் கிடத்தியிருக்கிறேன் என்று நினைத்தபோது உட்கார்ந்து இரண்டு கையாலும் அந்தத் தண்ணீரை அள்ளி அள்ளி வெளியே இறைத்தேன். சுல்தான்தான் குழியை மூடி மண்ணை மேடாக்கினான். பெரியவர் பக்கத்துக் கபுறில் நின்ற கம்போஜா மரத்திலிருந்து ஒரு கொம்பை ஒடித்து ஊன்றினார். மலாய்க்காரர்கள் கபுறுகளில் வைக்கிற வெள்ளைப் பூமரம் அது.

"அக்காவுக்கு இது என்ன பூன்னே தெரியாதே மச்சான்."

"தெரிஞ்சுக்குவா. இனிமே அவ இந்த ஊருக்காரிதானே."

சொல்லிவிட்டேன். சொன்ன கையோடு அந்தக் கொம்பைச் சுற்றி மண்ணை அணைத்தேன்.

ஊரில் இந்த வருஷம் ஊருணி வற்றிவிட்டதாம். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பின் எல்லாரும் மழைக்குக் கையேந்துகிறார்களாம். நானும் இங்கிருந்து ஏந்துகிறேன். அப்போது மையவாடிப் பக்கம் மேகம் கறுத்து வருவது கண்ணில் படுகிறது. ஊரில் பெய்ய வேண்டும், இங்கே அவள்மேல் பெய்யாமல் நிற்க வேண்டும் என்று ஒரே மூச்சில் படைத்த ரப்பிடம் கேட்க நா கூசுகிறது. ஒன்றையும் கேட்காமல், ஏந்திய கையை முகத்தில் தடவிக்கொண்டு எழுந்துவிடுகிறேன்.