கொள்ளு வேகும் வாசனை

அப்பாவை அழைத்துப்போக முதியோர் பகல் இல்லத்துக்குள் நுழைந்தபோது, சமையலறையில் கொள்ளு வெந்துகொண்டிருந்தது. அந்த வாசனையில் நான் வளர்ந்த எங்கள் பழைய ஆஸ்டின் டவுன் வீடு அப்படியே எழுந்து வந்தது.

அப்பாவுக்கு ரேஸ் குதிரை லாயத்தில் வேலை. சாயங்காலம் அவர் சட்டையைக் கழற்றினால் வீடெல்லாம் கொள்ளும் குதிரை வியர்வையும் மணக்கும். சாப்பிடும்போது ராணி என்ற குதிரையின் அன்றைய கதையைச் சொல்வார். தண்ணீர்த் தொட்டியைக் கவிழ்த்தாளாம், வெல்லம் கொடுத்த பிறகுதான் லாடம் அடிக்க விட்டாளாம். கேட்க எனக்கு ஆசைதான். ஆனாலும் என் பள்ளி யூனிஃபார்மில் வாடை ஒட்டிவிடும் என்று தட்டைத் தூக்கிக்கொண்டு வாசற்படிக்குப் போய்விடுவேன். எனக்கும் கேட்கட்டும் என்று அவர் குரலை உயர்த்திச் சொல்வார்.

இப்போது அவருக்கு மறதி நோய். அவர் வாழ்க்கையைக் கதையாக எழுதித் தாருங்கள், தினமும் வாசித்துக் காட்டுகிறோம், மனசுக்கு நல்லது என்று இல்லத்தில் கேட்டார்கள். கை கூசாமல் எழுதிக் கொடுத்தேன், கம்பெனி மேனேஜராக இருந்தவர் என்று.

"டெய்லி படிச்சுக் காட்றேன் மேடம். யார் கதையோ மாதிரி கேக்கறாரு," என்றார் அவரைப் பார்த்துக்கொள்ளும் மஞ்சுளா.

அப்பாவுக்குச் செருப்பு மாட்டிவிடக் குனிந்தேன். அவர் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கொள்ளு வெந்துடுச்சு. ஆற வெச்சுக் குடு. சூட்டோட குடுத்தா வாயெல்லாம் பொத்துப் போயிடும்."

பிறகு என் கழுத்தை மெல்லத் தட்டிக்கொடுத்தார். "ஹோ... ஹோ... பயப்படாதே ராணி."

"ராணி யாரு மேடம்? உங்க அம்மாவா?" என்று கேட்டார் மஞ்சுளா.

ஆமாம் என்று தலையாட்டினேன்.