மற்ற கலைஞர்களும்

இந்துபாலா தீதியைப் பற்றிப் பத்திரிகையில் வந்ததெல்லாம் ஒரே வரிதான்: 'மற்ற கலைஞர்களும் தத்தம் பாத்திரங்களுக்கு நியாயம் செய்தனர்.' பாட்னாவின் இந்தி நாளேடுகளில் நாடக விமர்சனம் எதுவானாலும் இப்படித்தான் முடியும். எங்கள் நாடகக் குழுவில் எல்லோருக்கும் அவள் தீதி, அதாவது அக்கா; பதினெட்டு வருடமாக அந்த 'மற்ற'வுக்குள்ளேயே கிடந்தாள். நீர்ப்பாசன அலுவலகத்தில் குமாஸ்தா. சாயங்காலம் வேலை முடிந்ததும் ஷேர் ஆட்டோவில் நசுங்கிக்கொண்டு ஒத்திகைக்கு வருவாள். நான் விளக்கு போடுகிறவன். என் விளக்கு அவள் மேல் விழுந்ததே குறைவு.

பத்திரிகைக்காரர்களைக் குறை சொல்லி என்ன? எழுதுவதே நாங்கள்தானே! நாடகம் தொடங்கும் முன்பே எங்கள் இயக்குநர் அகிலேஷ்வர் பாபு குறிப்பு எழுதிக் கொடுத்துவிடுவார். நிருபர்கள் இடைவேளையில் சமோசா தின்றுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். காலையில் 'ரசிகர்கள் மெய்மறந்தனர்' என்று வரும். வெட்கங்கெட்ட பிழைப்பு.

"ஒரே ஒரு ஆள் முழுசா உக்காந்து பாக்கணும் ரஜனீஷ். அப்புறம் திட்டினாக்கூடப் பரவால்ல. என் பேரைப் போட்டுத் திட்டணும்," என்பாள் தீதி. வேறொன்றும் அவள் கேட்டதில்லை.

அந்தக் குளிர்காலத்தில் டெல்லியிலிருந்து ஒரு பெரிய விமர்சகர் வந்தார். அவர் கைகாட்டும் நாடகம்தான் டெல்லி விழாவுக்குப் போகும். போலீஸ் காவலில் மகனைப் பறிகொடுத்த தாயாக நடிக்க வேண்டியவள் விநீதா. ஒரு வாரம் இருக்கும்போது அவளுக்கு மஞ்சள் காமாலை வந்து, வேடம் தீதிக்குக் கிடைத்தது. ஆனால் பார்வையாளர்களுக்குக் கொடுக்கும் தாளில், மிட்டாய்க்கடை விளம்பரத்தோடு, தாயாக விநீதாவின் பெயர் ஏற்கெனவே அச்சாகியிருந்தது.

"விடுய்யா, மைக்ல சொல்லிட்டாப் போச்சு," என்றார் பாபு. எப்போதும் அப்படித்தான் செய்வோம். அன்றும் சொன்னோம். அந்த நேரம் பார்த்து விமர்சகர் ஒப்பனை அறையில் எங்கள் உபசாரத்தில் சிக்கி, இரண்டாவது சமோசாவைத் தின்றுகொண்டிருந்தார்.

கடைசிக் காட்சியில் காவல் நிலையத்தில் மகனின் செருப்பை மட்டும் கொடுப்பார்கள். தீதி அழவில்லை. செருப்பில் ஒட்டியிருந்த மண்ணை முந்தானையால் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். விளக்கை அணைக்க வேண்டிய நேரத்தில் நான் மறந்து நின்றுவிட்டேன்.

விமர்சகர் முழுவதும் பார்த்தார். முழுப் பத்தி எழுதினார். செருப்பு, முந்தானை, எல்லாம் இருந்தது. பெயர் மட்டும் விநீதா!

ஒத்திகை அறையில் பாபு அதைச் சத்தமாக வாசித்தார். காமாலை தெளிந்து வந்திருந்த விநீதாவே பதறிப்போனாள். "ஐயோ பாபுஜி, இது தீதி பண்ணது! ஒரு வரி எழுதிப் போடுங்க."

"வாய மூடு. அவ்ளோ பெரிய மனுஷன்கிட்ட போயி, நீங்க தப்பா எழுதிட்டீங்கன்னு சொன்னா, இனிமே நம்ம பக்கம் எட்டிப் பாப்பாரா? விழாக்காரங்க உன் பேரைப் போட்டுத்தான் கூப்பிட்டிருக்காங்க. நீதான் போற." பிறகு தீதி பக்கம் திரும்பி, "அந்தச் செருப்பு சீனை மட்டும் இவளுக்குக் கொஞ்சம் சொல்லிக் குடுத்துடும்மா," என்றார்.

நான் அந்த ஆளின் மென்னியைப் பிடித்திருக்க வேண்டும். தீதி எழுந்தாள். முந்தானையை எந்தக் கையில் பிடிப்பது, தலையை எவ்வளவு குனிவது என்று விநீதாவுக்கு எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்தாள். அப்படியே ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போனவள் அதற்குப் பிறகு ஒத்திகைக்கு வரவே இல்லை.

டெல்லியில் விநீதா அந்தக் காட்சியில் ஓவென்று அழுது தீர்த்தாள். அதே விமர்சகர் மறுபடி எழுதினார். அந்தப் பத்திரிகையோடு நான் தீதியின் அலுவலகத்துக்குப் போனேன். கோப்புகளைத் தள்ளிவைத்துவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தாள். 'பாட்னாவில் நான் பார்த்த தாய் டெல்லிக்கு வரவில்லை. கடைசிவரை அவளுக்காகக் காத்திருந்தேன்.'

பக்கத்து மேசைக்காரர்கள் பார்ப்பதையும் பொருட்படுத்தாமல் தேம்பித் தேம்பி அழுதாள்.

"எனக்காக உக்காந்திருந்திருக்காரு ரஜனீஷ்," என்றாள். "நான் இங்க தபாலுக்கு முத்திரை குத்திக்கிட்டு இருந்தேன்."